தொண்ணூறு வாட்ஸ் நிசப்தம்

"உன் சத்தத்தாலதான் என் பொழப்பே கெடுது!" என்று ஜான்சன் கத்தியதும் சமையலறைத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள் ஷர்மிளா. அவன் திட்டிக்கொண்டிருந்தது மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரை.

"அது இன்னாங்க பண்ணுச்சு, பாவம்?"

"இன்னா பண்ணுச்சா? இதக் கேளு." ஹெட்போனை அவள் காதில் மாட்டினான். போர்க்களத்தில் ஒரு ராஜா வசனம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் விர்ரென்று ஒரு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஜான்சன் சூப்பர்வைசர். எண்பது தையல் மெஷின் ஓடினாலும் அவன் குரல் கடைசி வரிசை வரைக்கும் போகும். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் திரைக்குப் பின்னால் நின்று கடவுளாகப் பேசுவது பதினோரு வருஷமாக அவன்தான்.

இப்படிப்பட்ட குரல் ஆம்பூரோடு நின்றுவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், ஒலிக்கதை தயாரிக்கும் சென்னை ஸ்டுடியோ ஒன்றுக்கு ஒரு கதையை வாசித்து அனுப்பியிருந்தான். பதில் வந்திருந்தது. ஃபேன் சத்தம் அதிகம்; மாதக் கடைசிக்குள் சத்தமில்லாமல் திரும்ப அனுப்புங்கள்; அதைக் கேட்டுத்தான் முடிவு சொல்ல முடியும்.

"குரலப் பத்தி ஒரு குறையும் சொல்லல, கவனிச்சியா?" என்றான் ஜான்சன்.

நல்லாருக்கு என்றும் சொல்லவில்லையே என்று கேட்க வாயெடுத்த ஷர்மிளா, அவன் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டாள்.

கம்ப்யூட்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்ததில் பவர் சப்ளைக்குள் இருந்த ஃபேன்தான் குற்றவாளி என்று தெரிந்தது. அதைத் தவிர உள்ளே சுற்றுகிற சாமான் எதுவும் கிடையாது. ஃபேனே இல்லாத பவர் சப்ளை ஒன்று வாங்கி மாட்டினால் தீர்ந்தது. ஒரு நாள் வேலை. ஜான்சனுக்கு மூன்று வாரம் பிடித்தது.

வேலூருக்கு மூன்று தடவை பஸ் ஏறினான். கம்ப்யூட்டர் கடை அமீர் பாஷாவிடம் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டான். அறுபது வாட்ஸ் போதுமா? நூற்றிருபது வாங்கிவிட்டால் நிம்மதியா? ஃபேன் இல்லாவிட்டால் ஆம்பூர் வெயிலுக்குத் தாங்குமா? எதற்கும் முந்நூறு வாட்ஸில் பார்க்கலாமா?

"முந்நூறு வாட்ஸ் செங்கல் மாதிரி இருக்கும் சார். உங்க பெட்டிக்குள்ள நுழையாது" என்றார் அமீர் பாஷா. ஜான்சன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு வீடு திரும்பினான்.

நாலாவது தடவை போனில் பிடித்தான். இருபது நிமிஷம் ஆனதும் அமீர் பாஷாவுக்குப் பேஜாராகிவிட்டது. "சார், இப்ப இன்னாதான் சார் வேணும் உங்களுக்கு?"

ஷர்மிளா போனை வாங்கினாள். "அண்ணா, முழுசா ஓடினாலும் இது நாப்பது வாட்ஸ்தான் இழுக்குது. அதுக்கு ரெண்டு மடங்கு தாங்கணும், ஃபேன் இருக்கக் கூடாது, இந்தப் பெட்டிக்குள்ளயே அடங்கணும். அவ்ளோதாண்ணா."

"அப்ப தொண்ணூறு வாட்ஸ் போதும்க்கா. தீப்பெட்டி சைஸ்ல ஒரு போர்டு, உள்ள சொருகிட்டா போதும். லேப்டாப் சார்ஜர் மாதிரி ஒரு அடாப்டர் வெளிய இருக்கும்."

"நானும் அதத்தான சொன்னேன்" என்றான் ஜான்சன்.

மாட்டி முடித்து பட்டனை அழுத்தினால், ஓடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. ஜான்சன் அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரெக்கார்டிங். ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு மிக்ஸி, டிவி எதுவும் ஓடக் கூடாது" என்று உத்தரவு போட்டான். வியர்வை வழிய வழிய ராஜா வசனம் பேசினார். நடுவில் சமையலறையில் போன் அடித்தது. ஷர்மிளா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஜான்சன் அந்த ஒரு வரியை மட்டும் மறுபடி வாசித்துவிட்டு மேலே போனான்.

முடித்ததும் போட்டுக் கேட்டான். தன் குரலைத் தவிர வேறெதுவும் அவன் காதில் விழவில்லை. ராஜா உயிர்விடும் இடத்தில் அவனுக்கே கண் கலங்கியது. அன்றைக்கே அனுப்பிவிட்டான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது. பூங்குழலி என்று பெயர் சொன்னாள். ஜான்சன் ஸ்பீக்கரைப் போட்டு, ஷர்மிளாவைப் பக்கத்தில் வரும்படி சைகை காட்டினான்.

"சார், இந்தத் தடவை ஃபேன் சத்தம் துளிகூட இல்ல. இவ்ளோ நல்ல குரல இத்தன நாளா அது மறைச்சிட்டு இருந்திருக்கு."

"நானும் அப்படித்தான் மேடம் நெனச்சேன்."

"ஆபீஸ்ல எல்லாரும் ரெண்டு தடவை கேட்டோம். சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சிடுச்சு."

ஜான்சன் திகைத்தான். "மேடம், அது ராஜா சாகற கதைங்க."

"கேட்டதுமே எங்க டைரக்டர், இந்தக் குரல்தான் வேணும்னு சொல்லிட்டார் சார்."

அவன் நெஞ்சு நிமிர்ந்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், சென்னைக்காரர்களின் ரசனை அப்படி. தொண்டையைச் செருமிக்கொண்டு, கடவுளின் குரலில் கேட்டான். "நான் எப்ப வரணும் மேடம்?"

பூங்குழலி மெதுவாகச் சொன்னாள்.

"சார், பின்னாடி ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் மூணு வாரமா பவர் சப்ளை வாங்குன கதைய போன்ல சொல்லிட்டு இருக்காங்க பாருங்க... அவங்ககிட்ட கொஞ்சம் குடுங்களேன்!"