அப்பாவுக்கு ஒரு முடிவு

“அப்பா செத்தே ஆகணும் பாய். அதுல மாத்தமே இல்ல” என்றாள் ராதாமணி.

சிஹாபுதீன் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். “மெதுவாப் பேசுங்கம்மா, வெளிய ஆளுக இருக்காக. கொல்லாம விட முடியாதா? காலு ஒடிஞ்சு படுத்துக்கிடட்டுமே.”

“காலு ஒடிஞ்சா சரியாப் போயிரும்.”

மேசை முழுக்கப் படங்கள் பரப்பிக் கிடந்தன. ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்காக ராதாமணி எழுதிய கதைப் புத்தகம். கடைசிக்கு முந்தின படத்தில் அப்பா மாலையோடு நடுவீட்டில் கிடத்தப்பட்டிருந்தார். அவருடைய கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைச் சின்ன மகள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளாங்குடிச் சுவர்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிகளில் பாதி சிஹாபுதீன் அச்சகத்தில் அடித்தவை. அன்றைக்கும் கதவுக்கு வெளியே யாரோ ஒரு பெரியவர் நூறு பிரதிகளாகக் காய்ந்துகொண்டிருந்தார். சாவுக்கு அஞ்சுகிற ஆளில்லை சிஹாபுதீன். அது பிள்ளைகள் புத்தகத்துக்குள் வரக்கூடாது, அவ்வளவுதான்.

“ஒரு பள்ளிக்கூடமும் வாங்காதும்மா. பெத்தவுக என்னைய அடிக்க வருவாக. எங்க வீடுகள்ல சொல்ற மாதிரி, அத்தா சபர் போயிருக்காருன்னு முடிச்சிருங்களேன். சம்பாதிக்க வெளிநாடு போயிட்டாரு. யாருக்கும் நோகாது.”

“சபர் போனவரு திரும்பி வரணும்ல பாய்? இந்தப் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு நிக்குமே. அதுக்கு யாரு பதில் சொல்றது?”

சிஹாபுதீன் துணைக்கு ஆள் தேடி, மூலையில் உட்கார்ந்திருந்த ஸ்ரீநாத் பக்கம் திரும்பினார். படங்கள் வரைந்தவன் அவன்தான். ராதாமணி இந்தப் புத்தகத்துக்கென்று புதிதாகக் கூட்டி வந்திருந்தாள். அவனுக்கு வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது.

“நீங்க சொல்லுங்க தம்பி. அப்பாவ இம்புட்டு லட்சணமா வரைஞ்சிட்டு, சாகடிக்க மனசு வருதா?”

“எப்ப அச்சாகும் பாய்?” என்றான் ஸ்ரீநாத்.

வந்ததிலிருந்து அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். அதையே மூன்றாவது முறையாகக் கேட்கிறான். சிஹாபுதீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊரில் ஈவிரக்கம் இல்லாதவன்தான் பிள்ளைகளுக்குப் படம் போட வருகிறான் போலிருக்கிறது.

இருந்தாலும் அந்தப் படத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார். மகள் முகத்தில் பயமே இல்லை. அதுதான் அவர் மனதை என்னவோ செய்தது.

“சரி, சாகட்டும்” என்றார் பெருமூச்சோடு. “ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கயில கொண்டாந்துருவோம்.”

“தைப்பொங்கலுக்குள்ள முடியாதா?”

“அப்படி என்ன தம்பி அவசரம்? புள்ளைக எங்க ஓடிப்போகப் போகுதுக?”

ராதாமணி சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்ரீநாத் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அவரிடம் நீட்டினான்.

“டாக்டர் எனக்கு மாசி வரைக்குந்தான் கெடு சொல்லியிருக்காரு. எங்க பொண்ணுக்கு இத நானே வாசிச்சுக் காட்டணும் பாய்.”