வேகக் கோளாறு

"தம்பி, என் வெப்சைட்டுல ஒரு கோளாறு."

வெப்சைட் செய்து கொடுத்தவன் பதறினான். "என்ன சார், போன வாரம்தானே சி.டி.என். போட்டேன்! உங்க ஸ்டூடியோ படங்களுக்கு இப்போ ஊர் ஊரா சர்வர்ல நகல் இருக்கு. வெளிநாட்டுல உங்க பொண்ணு தொட்டதும் திறக்குமே?"

"அதான் கோளாறு," என்றார் ஓய்வுபெற்ற போட்டோகிராபர். "என் சைட்டைப் பாக்கறதே அவ ஒருத்திதான். ஞாயித்துக்கிழமை போன்ல பேசிக்கிட்டே எங்க வீட்டுப் பழைய படம் ஒண்ணைத் திறப்பா. அது மேலேருந்து மெதுவா இறங்கும். கூரை தெரியறதுக்குள்ள மாப்பிள்ளை புராணம். வாசல் வர்றதுக்குள்ள அவ ஸ்கூல்ல அடிச்ச லூட்டி. போன வாரம் படம் படக்குன்னு வந்துடுச்சு. 'நல்லா இருக்குப்பா'ன்னு போனை வச்சுட்டா. பழையபடி ஆமை வேகத்துக்கே மாத்திடு."

"இன்னிக்கு லீவு சார். நாளைக்கு எடுத்துடறேன்."

போனை வைத்ததும் மகளே அழைத்தாள். காலையில்தான் அவர் புதுப் படம் ஒன்றை ஏற்றியிருந்தார். பரணில் கிடைத்த படம்; மகள் அதைப் பார்த்ததே இல்லை.

"அப்பா, படம் திறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. இன்னும் கூரைகூட வரல."

"அடடா!"

"வர்றப்ப வரட்டும், நாம பேசலாம். ஆமா, வாசல்ல உட்கார்ந்து எதுக்குப்பா நான் அப்படி அழறேன்?"

போட்டோகிராபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சொல்றேன். முதல்ல கூரை வரட்டும்."