மருத்துவச்சி இல்லாமல் முடியாது

"மருத்துவச்சி செத்தா நாம எல்லாரும் செத்தோம்!" என்று பல் டாக்டர் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர்க் கோப்பைகள் குலுங்கின.

வெளியே நல்ல வெயில். ஆனால் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். வாயிலைப் பாறை அடைத்துவிட்டது, உள்ளே தண்ணீர் மார்புவரை ஏறிவிட்டது. எல்லாம் வாயால் சொல்லி ஆடுகிற கதை விளையாட்டுதான். பிழைப்பதும் சாவதும் பகடை விழுகிறபடி.

கதையை நடத்துகிறவன் அந்த வீட்டுத் தம்பி. கதையில் டாக்டர் வாள்வீரர். சர்வேயராக இருக்கும் அண்ணன் இங்கே திருடன். அண்ணிதான் மருத்துவச்சி. வாரம் முழுக்க மருந்துக் கடையில் நின்றுகொண்டு மருந்து கொடுப்பவள், ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே உட்கார்ந்துகொண்டு கொடுக்கிறாள். "ஓர் ஆள் குறையுது அண்ணி, ஒரே ஒரு வாரம்" என்று கூப்பிட்டார்கள். அது ஆச்சு மூன்று வருடம்.

அவள் இடம் சுவர் மூலை. டாக்டர் எழுந்து நாற்காலியை நகர்த்தினால்தான் அவளால் வெளியே வர முடியும். டாக்டரோ லேசில் எழுந்திருக்கிற உடம்பு இல்லை.

"தண்ணிக்கு அடியில ஒரு இரும்பு வளையம் இருக்கு" என்றான் தம்பி. "யாராவது முங்கி அதை இழுத்தா பாறை விலகும். ஆனா பக்கத்துலயே ஒரு பாம்பு சுருண்டு கிடக்கு."

"நான் போறேன்" என்றாள் அண்ணி.

"ஐயையோ!" டாக்டர் அலறிவிட்டார். "வாள் போனா வேற வாள் வாங்கிக்கலாம். கை போனாக்கூட நீங்க ஒட்டவச்சிருவீங்க. நீங்களே போயிட்டா எங்களுக்கு யாரு இருக்கா சிஸ்டர்? பேசாம நம்ம மூட்டை சுமக்கற கழுதையை அனுப்புவோம்!"

"கழுதைக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. என்கிட்ட மிச்சம் இருந்த, எதையும் குணமாக்கற உயிர்வேரை அதுக்குத்தான் குடுக்கறேன்."

"ஏம்மா, இருக்கறதே ஒண்ணு. அதை உனக்கு வச்சுக்கக் கூடாதா?" என்று அண்ணன் பதறினார்.

"வாயில்லா ஜீவன், பாவம்ங்க."

"பிறவி மருத்துவச்சி!" என்று டாக்டர் உருகிப்போனார். கழுதை எழுந்து நின்றது. தண்ணீர் கழுத்தைத் தாண்டியது. அண்ணன் திருட்டுச் சாவிகளை எல்லாம் பாறை இடுக்கில் விட்டுப் பார்த்தார். டாக்டர் வாளால் வெட்டிப் பார்த்தார். பாறை அசைவேனா என்றது.

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? நகருங்க, நான் முங்கறேன்" என்றாள் அண்ணி.

வளையத்தை இழுத்தாள். பாறை விலகியது, தண்ணீர் வடிந்தது, எல்லாரும் தப்பித்தார்கள். பாம்பு மட்டும் அவளை விடவில்லை.

"விஷம் ஏறுது அண்ணி" என்றான் தம்பி, கம்மிய குரலில். இருபது முகப் பகடையை அவள் பக்கம் தள்ளினான். "பத்துக்கு மேல விழுந்தா பொழைச்சுக்குவீங்க. நல்லாக் குலுக்கிப் போடுங்க."

அவள் பகடையைக் குலுக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கடவுளே, இந்த ஒரு தடவை" என்று முணுமுணுத்தாள். பகடை சர்க்கரை டப்பாவில் இடித்து, உருண்டு, அண்ணன் முன்னால் போய் நின்றது.

ஒன்று.

அண்ணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

"விளையாட்டுதானேம்மா, அழாதே" என்றார் அண்ணன், தன் மூக்கை உறிஞ்சியபடி.

"கொஞ்சம் எழுந்திருங்க டாக்டர். நான் உள்ள போய்ப் படுக்கறேன்" என்றாள், கையை முகத்திலிருந்து எடுக்காமலே. டாக்டர் அன்றைக்கு உடனே எழுந்து வழிவிட்டார்.

படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் அவள் முதல் வேலையாகப் போனை எடுத்தாள்.

"அக்கா, நான் செத்துட்டேன்!" சிரிப்பை அடக்க முடியாமல் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "நிஜமாத்தான்! எத்தனை பூதத்துக்கு முன்னால போய் நின்னேன், எத்தனை பள்ளத்துல குதிச்சேன். ஒவ்வொரு தடவையும் கயிறு போட்டுத் தூக்கிட்டாங்கக்கா! வரலைன்னு சொல்ல வாயெடுத்தா மூணு பேர் மூஞ்சியும் சுருங்கிப்போகும். புலி வாலைப் பிடிச்ச கதையா இருந்துச்சு. இனிமே ஞாயித்துக்கிழமைன்னா காலை நீட்டித் தூக்கம்தான்!"

போனை வைத்துவிட்டுக் காலை நீட்டினாள். மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டது. வாரம் முழுக்க நின்ற கால் வலி இப்போதே பாதி குறைந்த மாதிரி இருந்தது. இத்தனை சந்தோஷமாக அவள் படுத்து வெகுகாலம் ஆகிறது. கண் சொருகியது.

கதவு தட்டும் சத்தம். எழுந்துபோய்த் திறந்தாள். அண்ணன் கையில் சூடான பால். அவர் பின்னால் கண் சிவந்த டாக்டர். முன்னால் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

"நீங்க தேம்பற சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சு, எங்களுக்கு மனசு தாங்கலை" என்றான் அவன். "அழாதீங்க அண்ணி. செத்தவளுக்கு ஒரு தங்கச்சி இருக்கா, அடுத்த வாரம் நீங்கதான் அவ. அவளும் மருத்துவச்சிதான்!"