பால் பொங்கிய நாள்

குலசேகரன் தம் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தானமாகக் கொடுத்தார். பால் பொங்காத பாத்திரத்தின் யோசனையை, அது உதித்த நாளின் நினைவோடு அவர் தலையிலிருந்து எடுத்து, அங்கே படிக்கும் பயிற்சி மாணவன் பரிதியின் தலையில் ஏற்றினார்கள்.

நன்றி சொல்ல வீட்டுக்கு வந்த பரிதி, அவர் மனைவி மரகதத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அன்னிக்குப் பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் கவனிக்கவே இல்லையேம்மா."

மரகதத்தின் முகம் சிவந்தது. "சும்மா இருப்பா."

குலசேகரனுக்கு அந்த நாளே நினைவில் இல்லை. "என்னடி நடந்துச்சு?"

"உங்களுக்கு வேண்டாம்னுதானே கொடுத்தீங்க? போங்க."

பரிதி கிளம்பும்போது வாசல்வரை போய் மெல்லக் கேட்டார்.

"தம்பி, அன்னிக்கு இவ என்ன சொல்லிச் சிரிச்சா?"

"மன்னிச்சுக்குங்க சார். அதெல்லாம் இப்ப யுனிவர்சிட்டி சொத்து. வெளியாளுங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."