தெற்கு கோல்போஸ்ட்

யோப்பி விலை போய்விட்டான். ஆட்டக்காரர்கள் மரியாதையாக 'பாக்' என்று கூப்பிடும் கிளப் தலைவர் ஹர்யோனோவுக்கு இதில் துளியும் சந்தேகம் இல்லை. ஆதாரம்தான் கிடைக்கவில்லை.

வெளியூர் ஆட்டமென்றால் பயல் புலி. ஒன்பது ஆட்டத்தில் பதினொரு கோல். அவன் உதைத்தால் கோல்கீப்பர்கள் கையை நீட்டவே யோசிப்பார்கள். சொந்த மைதானத்தில் மட்டும் கதையே வேறு. வடக்கு கோல்போஸ்ட்டைப் பார்த்து ஆடும் பாதி நேரம் புலி, தெற்கைப் பார்த்து ஆடும் பாதி நேரம் பூனை. அந்தப் பக்கம் உதைப்பதே இல்லை. பந்தைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவான்.

முதலிடத்தில் இருக்கும் அணியை அவர்கள் ஊரிலேயே போய் மண்ணைக் கவ்வ வைத்த அவருடைய புத்ரா செகாரா கிளப், கடைசி இடத்தில் கிடக்கிற அணியிடம் சொந்த ஊரில் தோற்றது. இதற்கு வேறென்ன அர்த்தம்?

கோச்சைக் கேட்டால், இடுப்பு வலியாக இருக்கும் என்றார். பாதி மைதானத்தில் மட்டும் வலிக்கிற இடுப்பை ஹர்யோனோ கேள்விப்பட்டதில்லை. மற்ற ஆட்டக்காரர்களைக் கேட்டார். எல்லாரும் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, கூட்டுக் களவாணிகள்.

இன்று சீசனின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாம் பிரிவில் தங்கலாம். இல்லாவிட்டால் நாலாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். லீக் அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம் எழுதி ஹர்யோனோ சட்டைப் பையில் வைத்திருந்தார். அது போய்ச் சேர்ந்தால் யோப்பி ஆயுசுக்கும் எந்த அணிக்கும் ஆட முடியாது.

இரண்டாம் பாதியில் விருந்தினர் நாற்காலியை விட்டு எழுந்து, தெற்கு கோல்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

கடைசி நிமிஷம். ஆளுக்கு ஒரு கோல். நல்ல தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக். உதைக்கப் போவது யோப்பி.

ஹர்யோனோ அவன் கண்ணையே பார்த்தார். பயல் கோல்கீப்பரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கோல்போஸ்ட்டுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தான்.

அகப்பட்டான். பணம் கொடுத்த தரகன் அங்கேதான் இருக்கிறான்.

ஹர்யோனோ சட்டென்று திரும்பி முகங்களை மட்டும் துழாவினார். மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் பார்வையில்லாதவர்கள் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து, ஆட்டத்தைக் காதால் ரசித்துக்கொண்டிருந்தார்கள். அவரே இலவசமாகக் கொடுத்த இடம். அடப்பாவி, இவர்களுக்கு நடுவிலா ஆளை உட்கார வைத்திருக்கிறான்?

அதற்குள் பந்து மெதுவாக உருண்டு வந்து கோல்கீப்பர் கையில் சேர்ந்தது. விசில் ஊதியாயிற்று. கிளப் இறங்கியாயிற்று.

உடை மாற்றும் அறையில் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, கடிதத்தை எடுத்து யோப்பியின் முன்னால் போட்டார்.

"யாருக்கு சிக்னல் குடுத்தே?"

யோப்பி கடிதத்தைப் படித்தான்.

"சிக்னல் இல்ல பாக். அவங்க எங்கே உக்காந்திருக்காங்கன்னு பாத்தேன். இங்கே நடந்த முதல் ஆட்டத்துல நான் உதைச்சது கம்பத்துக்கு மேல போய், ஒரு பெரியவர் வாயில விழுந்துச்சு. ரெண்டு பல்லு போச்சு. கண்ணு தெரிஞ்சவங்கன்னா குனிஞ்சிருப்பாங்க."

"மத்தவன் எல்லாம் உதைக்கலையா?"

"அதையெல்லாம் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால நிக்கிற நம்ம மாற்று ஆட்டக்காரப் பசங்க தடுத்துடுவாங்க. என் உதையைத் தடுக்க முடியலை."

"இதை என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அந்தப் பெரியவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. சொன்னா எங்களை உள்ளேயே விடமாட்டாங்க, வாரத்துல இது ஒண்ணுதான் எங்களுக்கு சந்தோஷம்னாரு. அப்புறம் யாருமே வாயைத் திறக்கலை."

ஹர்யோனோ சிரித்தார். பொய் சொல்வதற்கும் ஒரு அளவு வேண்டும்.

"கதை விடாதே. அங்கேதான் கம்பத்தை விட உயரமா வலை கட்டியிருக்கே. அதைத் தாண்டி பந்து எப்படி அவங்க மேல விழும்?"

யோப்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"இருந்துச்சு பாக். சீசன் தொடங்கினப்ப அவங்களோட உக்காந்து பத்திரிகைக்குப் போட்டோ எடுத்தீங்களே, அப்போ உங்க முகத்தை மறைக்குதுன்னு கழட்டச் சொன்னீங்க. திருப்பிக் கட்டச் சொல்லவே இல்லை."