நாலு இன்ச் உயரம்

"உங்க ஜீப்புக்கு ரெண்டு இன்ச் உயரம் ஏத்துனா போதும் சார். நாலு இன்ச்சுன்னா மலை, காடுன்னு சுத்தறவங்களுக்குத்தான்" என்றார் ஈக்காட்டுத்தாங்கல் மெக்கானிக் தேசப்பன். ஈ.சி.ஆர். கடற்கரைச் சாலையில் காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்கே நாலு இன்ச் கேட்கிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

"நாலுதான் வேணும்." பவுல்சாமி, தானே அளந்து எழுதிய சீட்டை நீட்டினார்.

"வீட்ல அம்மா ஏற கஷ்டப்படுவாங்களே. ஃபுட்போர்டு போட்டுரலாமா?"

"அது இப்ப வேணாம்ப்பா."

"எந்த மலைக்கு சார் போறீங்க?"

"எங்கேயும் போகல. சாந்தோம்ல எங்க வீட்டு ஜன்னலுக்கு வெளியேதான் நிக்கும்."

தேசப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "இன்னா சார் சொல்றீங்க?"

"இதை ஓட்டுறதே என் மனைவி லூயிசாதான். முதுகுல அடிபட்டு ஆறு மாசமா மல்லாந்து படுத்திருக்கா. கட்டில்லேர்ந்து பார்த்தா வண்டியோட கூரையும் கண்ணாடியோட மேல்பக்கமும்தான் தெரியுது. நாலு இன்ச் ஒசந்தா ஸ்டீயரிங் தெரியும்."

"அதுக்கு இம்மாம் வேலை எதுக்கு சார்? நாலு சக்கரத்துக்கு அடியிலயும் செங்கல்லு வெச்சா போதுமே!"

"செங்கல் மேல நின்னா, இனிமே ஓடாத வண்டின்னு நினைச்சுப்பா. ஸ்பிரிங் மாத்தி நிறுத்தினா, எங்கேயோ கிளம்பப் போகுதுன்னு நினைப்பா."

தேசப்பன் சீட்டை வாங்கி, அடியில் ஒரு வரி சேர்த்தார்.

"என்னப்பா எழுதுற?"

"ஃபுட்போர்டு சார். அம்மா ஏறணும்ல?"