சொட்டாத கார்

"ஒரு வாரமாச்சாம். ஒரு சொட்டுகூட வுழலியாம்!"

சோற்றைப் பரிமாறிக்கொண்டே மனைவி கமலம் சொன்னாள். கொளஞ்சிநாதனுக்கு வாயில் போட்ட கவளம் உள்ளே இறங்கவில்லை.

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. மாணிக்கவேலு ஷெட்டுல, காருக்கு அடியில வெள்ளத் தட்டு வெச்சிருக்காராம். போறவங்க வர்றவங்க எல்லாம் குனிஞ்சு பாத்துட்டுப் போறாங்களாம்."

"நீயும் போயி குனிஞ்சு பாத்துட்டு வாயேன்!"

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினான்.

அந்தத் தட்டு வைக்கிற யோசனையே அவனுடையதுதான். பீங்கான் ஃபேக்டரியில் விளிம்பு கோணலென்று கழித்துப் போட்ட தட்டுகளை வாங்கி வந்து, தன் ஷெட்டுக்கு வரும் ஒழுகுகிற வண்டிக்கு அடியில் வைப்பான். வெள்ளையில் அரைச் சொட்டு விழுந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். அதையும் அல்லவா மாணிக்கவேல் திருடிக்கொண்டான்!

பெண்ணாடம் தேவநாதனின் கார் அது. அவருடைய தாத்தா கப்பலில் வரவழைத்த சீமைக் கார். வயது நூறை நெருங்கியும் என்ஜின் கனகச்சிதம். ஒரே வியாதி, பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டில் ஓயாமல் ஆயில் ஒழுகும். மகள் இளமதியின் கல்யாண ஊர்வலத்துக்கு முன்னால் அதை நிறுத்தித் தருகிற மெக்கானிக்குக்கே வீட்டில் தூங்கும் மற்ற இரண்டு பழைய கார்களைச் சரிசெய்கிற வேலையும் என்று சொல்லியிருந்தார்.

கொளஞ்சிநாதன் இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். கார்க் தக்கை வைத்தான். நூல் சுற்றினான். பசை தடவினான். கடைசியாகத் தோலில் வளையம் வெட்டி மாட்டினான். அன்று சாயங்காலமே தட்டில் நாலு சொட்டு. தேவநாதன் வந்து தட்டைப் பார்த்தார். காரைக் கயிறு கட்டி மாணிக்கவேல் ஷெட்டுக்கு இழுத்துப் போய்விட்டார். ஷெட் போட்டு மூன்று வருஷம்கூட ஆகாத ஆளிடம்!

வயிறு எரிய எரிய மாணிக்கவேல் ஷெட்டுக்கு நடந்தான் கொளஞ்சிநாதன்.

"வாங்கண்ணே, வாங்க!" மாணிக்கவேல் எழுந்து வந்தான். "நானே உங்க வூட்டுக்கு வரணும்னு இருந்தேன். ஒரு விஷயம்..."

அதற்குள் அவனுடைய போன் அடித்தது. "ஒரு நிமிஷம்ணே. நீங்க பாத்துட்டு இருங்க" என்று வெளியே போனான்.

பாத்துட்டு இருக்கணுமாம். என்ன கொழுப்பு!

கொளஞ்சிநாதன் காருக்கு அடியில் நுழைந்து படுத்தான். தட்டு அப்போதுதான் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. தன்னால் முடியாதது இவனால் எப்படி முடிந்தது? கண் கலங்கிவிட்டது. சட்டைப் பையிலிருந்த மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். ஷாஃப்ட் உள்ளே போகிற இடுக்கில் அதைச் செருகி, பலங்கொண்ட மட்டும் ஒரு நெம்பு நெம்பினான். உள்ளே எதுவோ கிழிந்தது.

அப்பாடா என்று இருந்தது. ஊர்வலம் போகிற தெரு முழுக்க ஒழுகட்டும். ஊரே குனிந்து பார்க்கட்டும்!

வெளியே வந்து முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது, மாணிக்கவேல் வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"தேவநாதன் ஐயாதான்ணே போன்ல. பஸ் ஸ்டாண்டத் தாண்டிட்டாராம். நீங்க இங்கதான் இருக்கீங்கன்னு சொன்னேன். போக வுடாத, புடிச்சு வையுன்னாரு."

"என்னய எதுக்கு?" கொளஞ்சிநாதன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான்.

"அததாண்ணே சொல்ல வந்தேன். இந்தக் காருல நான் ஒரு நட்டக்கூட கழட்டல. வந்த அன்னிக்கே அடியில படுத்துப் பாத்தேன். நீங்க மாட்டின தோலு புதுசு. ஆயில்ல ஊறி உப்பினாத்தான புடிக்கும்? சும்மா நிறுத்தி வெச்சேன், மூணாம் நாளு தானா நின்னுபோச்சு. அப்புறம் ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, இது முழுக்க கொளஞ்சியண்ணன் வேலதான்னு இன்னிக்குக் காலையில ஐயாகிட்ட சொல்லிட்டேன். மத்த ரெண்டு காரையும் உங்ககிட்ட ஒப்படைக்கத்தான் வர்றாரு!"

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது; காருக்கு அடியில், வெள்ளைத் தட்டில், முதல் சொட்டு விழுந்தது.